போன் இழுபடுகிறதா? திரையும் விரலும் பற்றி வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: போன் இழுபடுகிறது. எந்த மொடல், அன்ட்ரொய்ட் எத்தனையாம் பதிப்பு, சேமிப்பில் எவ்வளவு இடம் காலி, எந்தச் செயலியில் என்ன செய்யும்போது இழுபடுகிறது என்ற நான்கு விபரமும் இல்லாத கடிதத்துக்குப் பதில் சொல்ல வழியில்லை. போன தடவையும் இதையே எழுதினேன். விபரமில்லாமல் வந்தவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

120 ஹேர்ட்ஸ் திரை என்று கேட்டு வாங்கினேன். மகனிடமுள்ள பழைய 60 ஹேர்ட்ஸ் போனுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஏமாற்றப்பட்டேனா? (புடைவைக் கடைக்காரர், காத்தான்குடி)

ஏமாற்றம் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். 120 ஹேர்ட்ஸ் என்றால் திரை ஒரு செக்கனில் 120 தடவை புதுப்பிக்கும் என்பதுதான். முதலில் டிஸ்பிளே செட்டிங்ஸில் 120 தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டரி சேமிப்பு முறை போட்டிருந்தால் பல போன்கள் தாமாகவே 60க்கு இறங்கிவிடும். நீங்களோ காலையிலிருந்து இரவு வரை அதைப் போட்டே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

அதுவும் சரியாக இருந்தால் புரொசசரைப் பார்க்க வேண்டும். 60 ஹேர்ட்ஸில் ஒரு பிரேமை, அதாவது ஒரு தடவை திரையில் காட்டும் படத்தை, வரைந்து முடிக்கக் கிடைப்பது சுமார் 16 மில்லி செக்கன். 120இல் அது 8 ஆகிவிடும். மலிவான புரொசசரோடு வேகமான திரையை ஒட்டி விற்கும் போன்களில் அந்த 8க்குள் வேலை முடியாது. ஒரு பிரேம் வரும், அடுத்தது தவறும், பிறகு இரண்டு வரும். இப்படித் தத்தளிக்கும் 120ஐவிடத் தவறாமல் ஓடும் 60 கண்ணுக்கு நல்லது. 90 என்ற தெரிவு இருந்தால் அதைப் போட்டு ஒரு கிழமை பாருங்கள்.

மதிய நேரத்தில் மட்டும் தொட்டால் உடனே கேட்பதில்லை. இரவில் நன்றாக வேலை செய்கிறது. (முச்சக்கர வண்டி ஓட்டுநர், ஏறாவூர்)

வெயில்தான். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே போனை மாட்டி, வரைபடத்தையும் திறந்து, சார்ஜரிலும் போட்டால் புரொசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதைத் தடுக்கும் செட்டிங் எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. நிழலான இடத்தில் மாட்டுங்கள், தடித்த கவரைக் கழற்றுங்கள், ஓட்டத்தின்போது சார்ஜ் செய்வதைக் குறையுங்கள்.

ஐபோன் வழுக்கிக்கொண்டு போகும், அன்ட்ரொய்ட் தடுமாறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதைச் சரிசெய்ய கூகுள் என்ன செய்தது? (உயர்தர மாணவர், கல்முனை)

தம்பி, கேள்வி நன்று. அந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. ஆரம்பகால அன்ட்ரொய்டில் செயலிகளின் சாளரங்களுக்குள் வரைவதைப் பெரும்பாலும் புரொசசரே செய்தது. கிராபிக்ஸ் சிப் அந்த வேலைக்கு வந்தது 2011இல், 3.0 பதிப்பில். அதன் பிறகும் தடுமாற்றம் தீரவில்லை, ஏனென்றால் வரைவதற்கு நேர ஒழுங்கு இருக்கவில்லை. ஒவ்வொரு செயலியும் தனக்குத் தோன்றிய நேரத்தில் வரையத் தொடங்கும். திரையோ தன் சீரான துடிப்பில்தான் புதுப்பிக்கும். குருமண்வெளித் துறையில் ஓரடி பிந்தியவரும் அடுத்த பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் மிதவை) வரும்வரை நிற்க வேண்டியதுதான். அதேபோல ஒரு மில்லி செக்கன் பிந்திய பிரேமும் அடுத்த துடிப்பு வரை ஏறக்குறைய 15 மில்லி செக்கன் காத்திருக்கும். அதற்குள் பழைய பிரேமே இரண்டாவது முறை காட்டப்படும். கண் அதைத்தான் தடுமாற்றமாக உணர்கிறது.

2012இல் வந்த 4.1 பதிப்பில், அதாவது ஜெலி பீனில், 'புரொஜெக்ட் பட்டர்' என்ற பெயரில் இதற்கு மருந்து செய்தார்கள். திரையின் துடிப்பு வந்தவுடன் விரலின் தகவலை எடுப்பது, அசைவைக் கணக்கிடுவது, வரைவது என்ற மூன்றும் அந்த வரிசையிலேயே தொடங்கும்படி எல்லாச் செயலிகளையும் ஒரே தாளத்தில் கட்டினார்கள். அந்தத் தாளத்தைப் போடும் கொரியோகிராபர் என்ற பகுதி அன்றுதான் நுழைந்தது. அடுத்தது மூன்றாவது பஃபர். பஃபர் என்பது ஒரு பிரேமை வரைந்து வைக்கும் நினைவக இடம். இரண்டு மட்டும் இருந்தபோது ஒன்றைத் திரை பிடித்துக்கொள்ளும், மற்றதைக் கிராபிக்ஸ் சிப் பிடித்துக்கொள்ளும், புரொசசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாவது இருந்தால் அது அடுத்த பிரேமைத் தொடங்கிவிடலாம். இதற்கு விலையும் உண்டு, ஒரு பிரேம் அளவு தாமதம் கூடும். அதனால் தேவைப்படும்போது மட்டுமே அது பயன்படும்.

விரலுக்கும் இரண்டு உதவி செய்தார்கள். திரை அடுத்துப் புதுப்பிக்கும் கணத்தில் விரல் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணிப்பது ஒன்று. தொட்டவுடன் தூங்கிக்கொண்டிருக்கும் புரொசசரை உடனே முழு வேகத்துக்கு எழுப்புவது மற்றது. 2014இல் 5.0 பதிப்பில், கிராபிக்ஸ் சிப்புக்குக் கட்டளை அனுப்பும் வேலையைத் தனி இழைக்கு (ஒரே செயலிக்குள் சமாந்தரமாக ஓடும் வேலை வரிசைக்கு) மாற்றினார்கள். செயலியின் பிரதான இழை வேறு வேலையில் மாட்டிக்கொண்டாலும் பொத்தானைத் தொட்டதும் விரியும் வட்டம் நிற்காமல் ஓடுவது அதனால்தான். ஐபோனில் திரையைக் கோர்க்கும் வேலை தொடக்கத்திலிருந்தே செயலிக்கு வெளியே, கிராபிக்ஸ் சிப்பின் துணையோடு நடந்தது. அந்த முந்திய தொடக்கத்தின் பலனைத்தான் ஊர் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது. இன்று நடுத்தர விலை அன்ட்ரொய்ட் தடுமாறினால் குற்றம் பெரும்பாலும் அதில் ஏற்றிய செயலிகளில் இருக்கும், அல்லது நிரம்பிவழியும் சேமிப்பில் இருக்கும்.

சார்ஜில் போட்டதும் திரை தன்பாட்டில் தொடுபடுகிறது. வைரஸா? (களுவாஞ்சிகுடி)

இல்லை. மலிவு சார்ஜரின் மின் இரைச்சல். சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் வேறு நல்ல சார்ஜர் வாங்குங்கள், பழையதை வீசுங்கள்.

மீன் ஏலத்தில் நிற்கும்போது தொடுகையை எடுக்கவே மாட்டேன் என்கிறது. (வியாபாரி, வாழைச்சேனை)

உப்பு நீர் பட்ட விரலுக்கு எந்தத் தொடுதிரையும் ஒழுங்காகக் கேட்காது. திரை அறிவது விரல் உண்டாக்கும் மின் மாற்றத்தை. நீர்த்துளியும் அதையேதான் உண்டாக்கும். திரையையும் கையையும் துடையுங்கள்.

காணொளி ஒன்றைப் பார்த்து டெவலப்பர் ஒப்ஷன்ஸைத் திறந்து, அதில் சொன்ன எல்லாவற்றையும் போட்டேன். முதல் நாள் வேகமாக இருந்தது. இப்போது போன் சூடாகிறது, வட்ஸ்அப்பிலிருந்து வெளியே போய் வந்தால் திரும்பத் தொடக்கத்திலிருந்து திறக்கிறது. வங்கிச் செயலியும் வேலை செய்யவில்லை. (கைத்தறி விற்பனையாளர், மருதமுனை)

எல்லாவற்றையும் போட்டீர்கள். எவையெவை என்றுகூட எழுதவில்லை. அம்பாறை மாவட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இதே கதையோடு ஆட்கள் வருகிறார்கள். பில்ட் நம்பரில் ஏழு தடவை தட்டினால் திறக்கும் அந்தப் பட்டியல் செயலி எழுதுபவர்கள் சோதனை செய்வதற்காக வைக்கப்பட்டது. போனின் மறைத்துவைத்த வேகம் அதற்குள் பூட்டிக்கிடக்கவில்லை. வேகம் சும்மா கிடைக்குமென்றால் தயாரித்தவரே அதைத் திறந்துவிட்டு விற்றிருப்பார்.

அந்தக் காணொளிகள் வழக்கமாகப் போடச் சொல்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 'போர்ஸ் 4எக்ஸ் எம்.எஸ்.ஏ.ஏ.' விளையாட்டுகளில் கோடுகளின் ஓரத்தை மென்மையாக்கும். அதற்காகக் கிராபிக்ஸ் சிப்புக்கு வேலையைக் கூட்டும். தடுமாறும் போனில் இதைப் போடுவது சுமை தாங்காத மாட்டின் முதுகில் இன்னொரு மூட்டை. உங்கள் சூட்டில் ஒரு பங்கு இது. 'டிஸேபிள் எச்.டபிள்யூ. ஓவர்லேஸ்' இதைவிட மோசம். மேலே உள்ள பட்டை, கீழே உள்ள பொத்தான்கள், நடுவில் செயலி, அதற்குள் ஓடும் காணொளி என்று திரை பல அடுக்குகளால் ஆனது. அவற்றை ஒன்றாகக் கோர்ப்பதற்கென்றே டிஸ்பிளேயில் தனி வன்பொருள் உண்டு. மிகக் குறைந்த மின்சாரத்தில் அது அந்த வேலையை முடிக்கும். இந்த ஒப்ஷன் அதை ஓரங்கட்டிவிட்டு ஒவ்வொரு பிரேமிலும் முழுக் கோர்வையையும் கிராபிக்ஸ் சிப்பின் தலையில் போடுகிறது. வரைய நேரம் போதாத சிப்புக்கு வேலையைக் கூட்டிவிட்டு வேகம் கூடும் என்று ஒருவர் சொல்கிறார், பல்லாயிரம் பேர் நம்புகிறார்கள். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு.

'பேக்கிரவுண்ட் புரொசஸ் லிமிட்'ஐப் பூச்சியமாக்கியதும் 'டோன்ட் கீப் அக்டிவிடீஸ்' போட்டதும்தான் உங்கள் வட்ஸ்அப் நோய். செயலியை விட்டு வெளியே வந்த கணமே அது அழிக்கப்படுகிறது. திரும்பப் போகும்போது சேமிப்பிலிருந்து முதலிலிருந்து எழ வேண்டும். ரேமில் சும்மா உட்கார்ந்திருந்த செயலி புரொசசரை ஏறக்குறைய தொடாமலே இருந்தது. நீங்கள் அதைக் கொன்று கொன்று எழுப்புகிறீர்கள். முதல் நாள் வேகமாகத் தெரிந்ததற்குக் காரணம் அனிமேஷன் அளவை அரையாக்கியது மட்டுமே. அது வரைதலை வேகமாக்காது. சாளரம் விரிய எடுக்கும் நேரத்தைப் பாதியாக்கும். அதை வைத்துக்கொள்ளலாம், நானும் பரிந்துரைப்பேன்.

சில வங்கிச் செயலிகள் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறந்திருந்தால் இயங்க மறுக்கும். கணினியிலிருந்து வயர் வழியே போனைக் கட்டுப்படுத்த விடும் யூ.எஸ்.பி. டிபக்கிங் போட்டிருந்தால் அது நியாயமும்கூட. தெரியாத கணினியில் வயரைச் செருகிவிட்டு அனுமதி கேட்கும் பெட்டியில் ஆம் என்று தட்டினால் போனின் சாவியையே கொடுத்ததாகிவிடும். பட்டியலின் உச்சியிலுள்ள பிரதான ஆளியை அணையுங்கள், பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பும். போனை ஒரு தடவை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். அதோடு சரி.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது ஒன்றிருக்கிறது, அதைக் காணொளிக்காரர்கள் சொல்வதேயில்லை. 'புரொபைல் எச்.டபிள்யூ.யூ.ஐ. ரெண்டரிங்' (சில போன்களில் பெயர் சற்று மாறும்). திரையில் பட்டைகளாகக் காட்டும்படி போட்டுவிட்டு, தடுமாறும் செயலியில் மேலும் கீழும் தள்ளுங்கள். கீழே வண்ணப் பட்டைகள் எழும். குறுக்கே ஒரு பச்சைக் கோடு, அதுதான் 16 மில்லி செக்கன். கோட்டுக்குக் கீழே நிற்கும் பட்டை நேரத்துக்கு முடிந்த பிரேம், கோட்டைத் தாண்டி எழுவது பிந்திய பிரேம். செம்மஞ்சள் பகுதி உயர்ந்தால் கிராபிக்ஸ் சிப் திணறுகிறது. பச்சைப் பகுதிகள் உயர்ந்தால் செயலி எழுதியவர் பிரதான இழையில் வேலையைக் குவித்திருக்கிறார். ஒரே ஒரு செயலியில் மட்டும் பட்டைகள் கோட்டைத் தாண்டினால் போனில் கை வைக்காதீர்கள், அந்தச் செயலியை மாற்றுங்கள்.

ரேம் துப்புரவாக்கும் செயலி எது நல்லது? (அக்கரைப்பற்று)

எதுவுமில்லை. இருப்பதை அழியுங்கள். மேலே மருதமுனைக்காரருக்குச் சொன்ன பதிலே உங்களுக்கும்.

ஒரு செயலி எழுதுகிறேன். படங்களோடு கூடிய பட்டியலை வேகமாகத் தள்ளும்போது சிக்கிச் சிக்கி ஓடுகிறது. 'ஸ்கிப்ட் பிரேம்ஸ்' (தவறிய பிரேம்கள்) என்று லொக்கில், அதாவது போன் எழுதிவைக்கும் நடப்புப் பதிவில், வருகிறது. (பல்கலைக்கழக மாணவி, ஒலுவில்)

லொக்கை வாசித்துவிட்டு எழுதியதற்கு நன்றி, அது அபூர்வம். அந்த வரியைக் கொரியோகிராபர் எழுதுவது சாதாரணமாக 30 பிரேம்கள் தவறிய பிறகுதான். அதாவது 60 ஹேர்ட்ஸில் அரைச் செக்கன் திரை உறைந்திருக்கிறது. லொக் மௌனமாக இருந்தால் எல்லாம் சரி என்று எண்ண வேண்டாம். ஐந்தாறு பிரேம் தவறினாலும் கண்ணுக்குத் தெரியும், லொக்கில் வராது.

உங்கள் நிரலில் முழு அளவு கெமராப் படத்தைப் பிரதான இழையிலேயே விரித்து, பிறகு சிறிதாக்குகிறீர்கள். 12 மெகாபிக்சல் படம் நினைவகத்தில் விரிந்தால் ஏறக்குறைய 48 மெகாபைட். வேறு இழையில், காட்டப்போகும் அளவுக்கே விரியுங்கள். தரவுத்தள வாசிப்பையும் அங்கேயே தள்ளுங்கள். பின்னணி நிறத்தை மூன்று அடுக்கில் பூசியிருக்கிறீர்கள், ஒன்று போதும். வேகத்தை அளக்கும்போது பிழை தேடுவதற்கான டிபக் பில்டில் அளக்க வேண்டாம், வெளியிடப்போகும் ரிலீஸ் பில்டில் அளந்து பாருங்கள். உங்கள் விலையுயர்ந்த போனில் சோதித்துவிட்டுத் திருப்திப்படவும் வேண்டாம். கோமாரியிலோ வாகரையிலோ ஒருவர் கையிலிருக்கும் 3 ஜீ.பி. ரேம் போனில் ஓடினால்தான் அது ஓடுகிறது.

2 ஜீ.பி. ரேம் போன். தமிழில் தட்டச்சு செய்தால் எழுத்து ஒரு நொடி கழித்து வருகிறது. 32 ஜீ.பி. சேமிப்பில் 1 ஜீ.பி.தான் மிச்சம். (ஆசிரியை, திருக்கோவில்)

விபரத்தோடு எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே பதிலும் இருக்கிறது. சேமிப்பு நிரம்பினால் எழுதும் வேகம் படுத்துவிடும். வட்ஸ்அப் ஒவ்வொரு செய்தியையும் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருக்கும், மற்ற எல்லாம் வரிசையில் நிற்கும். விசைப்பலகையும் ஒரு தனிச் செயலி என்பதை மறக்க வேண்டாம். 2 ஜீ.பி. ரேமில் அதற்கும் இடநெருக்கடிதான். பாடசாலைக் குழுக்களில் வரும் காணொளிகள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். படங்களைக் கணினிக்கு மாற்றிப் பிரதி சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகு, அதற்குப் பிறகுதான், போனில் அழியுங்கள். ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும். எத்தனை தடவை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

விளையாட்டில் ஆள் ஒரு இடத்தில் நின்று திடீரென வேறிடத்தில் தோன்றுகிறான். கிராபிக்ஸைக் குறைத்தும் பயனில்லை. (செங்கலடி)

அது வலையமைப்புத் தாமதம். கிராபிக்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

திரை உடைந்து மாற்றினேன். இப்போது படம் தெளிவு, ஆனால் விரலை வேகமாக இழுத்தால் பின்தங்கி வருகிறது. கடைக்காரர் சொப்ட்வெயார் கோளாறு என்கிறார். (கல்லடி)

டெவலப்பர் ஒப்ஷன்ஸில் 'பொயின்டர் லொகேஷன்' என்பதை மட்டும் போடுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். விரலால் திரை முழுவதும் மெதுவாக ஒரு சுருள் வரையுங்கள், பிறகு வேகமாக மூலையிலிருந்து மூலைக்கு நான்கைந்து கோடு. விரல் போன வழியைத் திரையில் கோடாகக் காட்டும். கோடு ஓரிடத்தில் அறுந்தால், அதுவும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அறுந்தால், தொடுபடலம் பழுது. அறாமல், வேகமான கோடு மட்டும் வளைவின்றி முறிந்து முறிந்து தெரிந்தால், போட்டது தொடுகையைக் குறைந்த தடவை வாசிக்கும் மாற்றுத் திரையாக இருக்கலாம். மேலே ஒட்டிய கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, கழற்றாமல் ஒரு தடவை செய்து பாருங்கள். உங்கள் மொடல் முன்பு 120 ஹேர்ட்ஸ் என்றால் செட்டிங்ஸில் அந்தத் தெரிவு இன்னும் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். மாற்றுத் திரைகள் சில 60க்கு மேல் ஓடாது. அறுந்த கோட்டைப் படமெடுத்து, பற்றுச்சீட்டோடு உத்தரவாதக் காலம் முடியுமுன் கடைக்குக் கொண்டுபோங்கள். சொப்ட்வெயாரை அழித்துப் புதிதாக ஏற்றித் தருகிறேன் என்று சொன்னால், படங்களைப் பிரதி எடுக்காமல் போனைக் கையில் கொடுக்காதீர்கள்.