அண்ணாச்சி பதில்கள்: கார் எந்தப் பக்கம் போவுது?

போன இதழ்ல 'பேபி டிரைவர்' படத்தைப் பாத்துட்டு மனசுல பட்டத எழுதுங்கன்னு கேட்டிருந்தேன், கடுதாசி குமிஞ்சு போச்சு. பாக்காதவுகளுக்கு ரெண்டு வரி: 2017ல எட்கர் ரைட் எடுத்த இங்கிலீஷ் படம், அமெரிக்காவுல அட்லாண்டாவுல கதை நடக்கு. பேங்க் கொள்ளையடிக்குத கும்பலுக்கு கார் ஓட்டுத ஒரு சின்னப்பய, அவனை பேபின்னுதான் கூப்பிடுதாங்க, டாக்னு ஒரு பெரிய தலைக்கிட்ட பட்ட பழைய கடனுக்காக ஓட்டிக் குடுக்கான், ஹோட்டல்ல பரிமாறுத ஒரு புள்ளையப் பாத்ததும் இந்தத் தொழிலே வேண்டாம்னு நெனைக்கான், விடுவாங்களா, அதான் படம். முடிவு வரைக்கும் பேசியிருக்கேன், இனிமேதான் பாக்கப் போறவுக பக்கத்தைத் திருப்பிருங்க.

வாடகைக் கார் ஓட்டுநர், வள்ளியூர்: அண்ணாச்சி, முத சீன்லயே ஒரு செவப்பு காரை சந்துக்குள்ள விட்டு அந்த சுத்து சுத்துதான். நானும் வருஷக்கணக்கா நாகர்கோவில் ரோட்டுல ஓட்டுதேன், இது கம்ப்யூட்டர் வேலையா நெசமாவே ஓட்டுனதா? எங்க ஸ்டாண்டுல சண்டையே வந்துட்டு.

சண்டைய நிப்பாட்டுங்க வே, நெசமா ஓட்டுனதுதான். ஜெரமி ஃப்ரைன்னு ஒரு ஸ்டண்ட் டிரைவர் ஓட்டுனது. அந்த வண்டி சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், நாலு சக்கரத்துக்கும் பவர் போவும், அந்த மாதிரி வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், லேசுல வழுக்காது, அதனால ஷூட்டிங்குக்குன்னு சில வண்டியில பவர் பின் சக்கரத்துக்கு மட்டும் போறாப்ல மாத்தி வச்சிருந்தாங்க. நீங்க உங்க டிசையர்ல முயற்சி பண்ணாதிய, அது முன் சக்கரம் இழுக்குத வண்டி, ஹேண்ட்பிரேக்க இழுத்தா பின்பக்கம் வீசத்தான் செய்யும், ஆனா டயரும் போயி ஓனரும் வண்டிய புடுங்கிருவாரு.

எனக்கு அந்தச் சந்தை விட அடுத்தாப்ல வாரதுதான் பிடிச்சுது. ஹைவேல போறான், மேல போலீஸ் ஹெலிகாப்டர் தொரத்துது, எவ்வளவு வேகமா போனாலும் ஹெலிகாப்டரை ஜெயிக்க முடியாதுல்லா. பாத்தா முன்னாடி அதே மாதிரி செவப்பு கார் ரெண்டு போவுது. இவன் பைய அதுககூட வண்டியச் சேத்து விட்டு, பாலத்துக்கு அடியில போற அந்த ரெண்டு செகண்டுல எடத்தை மாத்திக்கிடுதான், மறுபக்கம் வந்ததும் ஹெலிகாப்டர்காரன் வேற எவனையோ தொரத்திக்கிட்டுப் போறான். எனக்கு சேஸ்னா இதான். வண்டி எங்க நிக்கு, எங்க போவணும், எது மறிக்கு, இது பாக்குதவனுக்குப் புரிஞ்சிட்டுன்னா அப்புறம் முப்பதுல போனா கூட நெஞ்சு அடிக்கும், புரியலைன்னா எரநூறுல போனாலும் கொட்டாவிதான் வரும். (நம்ம ஜங்ஷன் ஈரடுக்கு பாலத்துக்கு அடியில வெள்ளை டிசையர்ல இதைச் செஞ்சா இன்னும் சுளுவு, எது எவன் வண்டின்னு ஓனருக்கே தெரியாது.)

இல்லத்தரசி, பாளையங்கோட்டை: அந்தப் பையன் எந்நேரமும் காதுல ஒயரை மாட்டிக்கிட்டே அலையுதானே அண்ணாச்சி, பெரியவங்க பேசும்போது கூட எடுக்க மாட்டேங்கான். எம்மவனும் இப்படித்தான். இதை ஸ்டைலுன்னு காட்டுதாங்களா?

ஸ்டைல் இல்ல தங்கச்சி, அவனுக்கு நோவு. சின்ன வயசுல நடந்த கார் விபத்துல அம்மா அப்பா ரெண்டு பேரும் போயிட்டாங்க, இவனுக்கு காதுல நிக்காத இரைச்சல் வந்துட்டு, அதை அமுக்கதுக்குத்தான் பாட்டு. நல்லா கவனிச்சா பாட்டு நின்ன எடத்துல மெல்லிசா ஒரு 'கீ'ங்கிற சத்தம் நமக்கும் கேக்கும், டைரக்டரு வேணும்னே வச்சிருக்காரு. அவனை வளத்த பெரியவருக்கு காது கேக்காது, கையாலதான் பேசுவாரு, அந்த வேஷத்துல நடிச்ச சி.ஜே. ஜோன்ஸும் நெசமாவே காது கேக்காதவருதான். அந்த வீட்டு சீன் எல்லாம் எனக்கு கார் சீன் அளவுக்குப் பிடிச்சுது.

உங்க மவன் சோத்துக்குக் கூப்பிட்டா மட்டும் கேக்கலன்னா அது வேற கேஸ். ஆனா காதுக்குள்ள இரையுதுன்னு சொன்னான்னா சும்மா விடாதிய, ரொம்ப சத்தமா ஹெட்போன் போட்டாலே அது வரும், காது டாக்டர்ட்ட ஒரு நடை காட்டிருங்க.

கல்லூரி மாணவர், பேட்டை: பாட்டுக்கு ஏத்தாப்ல காரும் துப்பாக்கியும் ஓடுதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எடிட்டிங்ல பின்னாடி ஒட்டுறதுதானே அண்ணாச்சி, இதுல என்ன பெருமை?

ஒட்டுனது இல்லப்பா, அதான் விசேஷமே. கொடையில நையாண்டி மேளக்காரரு உறுமிய இழுக்க இழுக்க கரகம் ஆடுதவ கால் மாறுதுல்லா, அதுல யாரும் பின்னாடி ஒட்டலையே, அதே மாதிரிதான். கதை எழுதும்போதே எந்த சீனுக்கு எந்தப் பாட்டுன்னு முடிவு பண்ணிட்டாங்க, டான்ஸ் மாஸ்டர் ஒருத்தரை வச்சு நடையைக் கூட பழக்கிருக்காங்க, எடிட்டரு பால் மக்லிஸ் ஷூட்டிங் ஸ்பாட்டுலயே உக்காந்து எடுத்த ஷாட்டை எடுத்த கையோட சேத்துப் பாத்துக்கிட்டு இருந்தாரு, தாளம் தப்புனா அங்கனயே மறுபடி எடுக்கலாம்ல. டைட்டில் ஓடும்போது காபி வாங்கப் போற சீன் ஞாபகம் இருக்கா, ஒரே ஷாட்டு, பாட்டுல வாற வார்த்தை அங்கங்க செவுத்துல எழுதியிருக்கும், ரெண்டாம் தடவை பாக்கும்போது செவுத்தை மட்டும் பாரு. எடிட்டிங்குக்கும் சவுண்டுக்கும் சேத்து மூணு ஆஸ்கர் நாமினேஷன் வந்துது, ஒண்ணு கூட கெடைக்கல, அது கெடக்கு.

ஓய்வு பெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்: முற்பாதி சிறப்பு. பிற்பாதியில் டைரக்டர் தூங்கிவிட்டார். காரை விட்டு இறங்கிச் சுட ஆரம்பித்ததும் இதுவும் பத்தோடு பதினொன்றாகிவிட்டது. உங்களுக்கு மறுப்பு உண்டோ?

முக்கால்வாசிக்கு மறுப்பு இல்ல சார்வாள். கடைசியில அந்த பார்க்கிங் கட்டடத்துல ரெண்டு காரும் ஒண்ணையொண்ணு முட்டித் தள்ளிக்கிட்டு நிக்குதுகளே, அங்க எனக்கும் சலிச்சிட்டு. ஊரு பூராம் ரோடு இருக்கு, அவ்வளவு கெட்டிக்கார டிரைவரை ஒரு கட்டடத்துக்குள்ள அடைச்சு வச்சா அவன் என்னதான் செய்வான், வளையத் திரும்ப எடமே இல்ல. பட்டின்னு அந்த வில்லன் சாவுதான்னு பாத்தா எந்திரிச்சு வாரான், மறுபடியும் எந்திரிச்சு வாரான், நம்ம ஊர் படம் தோத்துது. அந்த டாக் வேற, படம் பூராம் கல்லு மாதிரி இருந்த ஆளு, லவ் ஜோடியப் பாத்ததும் திடீர்னு மனசு எளகி பணத்தையும் குடுத்து அனுப்புதாரு, எனக்கு ஒட்டவே இல்ல.

ஆனா ஒரு எடம் நீங்க விட்டுட்டிய. போஸ்ட் ஆபீஸ் கொள்ளைக்கு அப்புறம் பேபி காரை விட்டுட்டு ஓடுதான்லா, ரோட்டுல, பார்க்குல, ஷாப்பிங் மாலுக்குள்ளன்னு, அதுவும் சேஸ்தான சார்வாள். வண்டிக்குள்ள ராஜாவா இருந்தவனை ரோட்டுல எறக்கி விட்டதும் சாதாரணப் பயலாயிட்டான், மூச்சு வாங்குது, தடுக்குது, அவன் எங்க போறான்னும் நமக்குத் தெரியுது. காரை விட்டு எறங்குனதுனால படம் கெடல, எறங்கினப்புறம் எங்க போறதுன்னு தெரியாமப் போனதுலதான் கெட்டுது.

வங்கி ஊழியர், தென்காசி: கொள்ளைக்காரனுக்குக் கை தட்ட வைக்கிறாங்களே, எங்க நெலமைய யாராவது யோசிச்சீங்களா? தினமும் கேஷ் கவுண்டர்ல உக்காந்து பாருங்க.

நியாயமான கோவம் மேடம். ஆனா இந்தப் படம் அவனை சும்மா விடல, கோர்ட்டுல 25 வருஷம் தண்டனை, அஞ்சு வருஷத்துக்கு அப்புறம்தான் வெளிய விடலாமான்னு விசாரணை. அவன் நல்லவன்னு சாட்சி சொல்ல வாரவுகள்ல கொள்ளை நடந்த போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்த அம்மாவும் உண்டு, உங்களை மாதிரி கவுண்டர்ல இருந்தவுகதான்.

அந்தக் காலத்துல ஹாலிவுட்ல தப்பு செஞ்சவன் தண்டனை வாங்கித்தான் ஆவணும்னு விதியே உண்டு, 1968ல அந்த விதிய எடுத்துட்டு வயசு பாத்து சர்ட்டிபிகேட் குடுக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு மறுவருஷம் இங்கிலாந்துல இருந்து வந்த 'தி இத்தாலியன் ஜாப்' முடிவப் பாருங்க, தங்கக் கட்டியோட பஸ்ஸு மலை ஓரத்துல பாதி உள்ள பாதி வெளியன்னு ஆடிக்கிட்டு நிக்கும், கெடைச்சுதா கெடைக்கலையான்னு சொல்லாமலே படத்தை முடிச்சிட்டாங்க. நீங்களும் திட்ட முடியாது, திருடனும் திட்ட முடியாது.

மளிகைக் கடைக்காரர், டவுன்: நம்ம ஊர்ல கொள்ளையடிச்சிட்டு தப்பிக்க முடியுமா அண்ணாச்சி? (சினிமாவுக்குத்தான் கேக்கேன்!)

அடைப்புக்குறி போட்டதால பொழச்சீரு வே.

இப்பச் சொன்ன அந்த இத்தாலியன் படத்துல டுரின் நகரத்து டிராபிக் கம்ப்யூட்டரைக் கெடுத்து ஊரையே ஜாம் ஆக்கிட்டு, மூணு மினி கூப்பர் காருல படிக்கட்டு, சாக்கடைக் குழாய், பியட் பேக்டரி மொட்டை மாடியில இருந்த டெஸ்ட் டிராக்குன்னு தப்பிச்சுப் போவாங்க. நம்ம டவுனுக்கு கம்ப்யூட்டரே வேண்டாம், ஆனித் தேரோட்டத்தன்னைக்கு ரதவீதியில போலீஸ் ஜீப்பும் நவுராது, உம்ம காரும் நவுராது, நடந்துதான் தப்பிக்கணும், அதுவும் வாகையடி முக்கு தாண்டுறதுக்குள்ள சொந்தக்காரன் எவனாவது பிடிச்சு நிப்பாட்டி "எப்ப வந்திய, வீட்டுல சௌக்கியமா"ன்னு கேட்டுருவான்.

தெக்க நாலுவழிச்சாலைல விடலாம்னா நாங்குநேரி டோல்ல மாட்டிக்கிடுவீரு, பாஸ்டேக் எந்த நேரத்துல எந்த வண்டி தாண்டிச்சுன்னு எழுதி வச்சிரும், அந்தக் கால கொள்ளைக்காரனுக்கு இந்தத் தலைவலி இல்ல. மேக்க போவலாம்: தென்காசி, செங்கோட்டை, புளியரை எஸ் வளைவு ஏறி கேரளா. படம் எடுக்க எனக்கு அந்த எடம்தான் தோணுது. ரோடு ஒண்ணுதான், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், எதுத்தாப்ல லோடு லாரி, பின்னால போலீஸ், மேல செக்போஸ்ட். நம்ம ஆளுக வழி கேட்டாலே "கெழக்க போயி தெக்க திரும்பு"ன்னுதான சொல்லுவோம், இந்தத் திசைப் புத்தி உள்ள ஊர்ல இருந்து ஒரு டைரக்டரு வந்து சேஸ் எடுத்தா பாக்குதவனுக்கு ஒரு எடத்துலயும் கொழம்பாதுன்னு எனக்கு நம்பிக்கை.

உதவி இயக்குநராகப் போராடுபவர், மேலப்பாளையம்: நம்ம தமிழ்ப் படத்துல ஏன் இப்படி ஒரு சேஸ் வர மாட்டேங்குது? பணம்தான் காரணமா?

பணமும் உண்டு. ரோட்டை மறிக்க அனுமதி, ஒடைக்க ரெண்டு மூணு வண்டி, ஸ்டண்ட் ஆளுகளுக்கு பாதுகாப்பு, எல்லாம் துட்டுதான். கொள்ளைக் கதைக்கு நமக்குப் பஞ்சமில்ல, 2011ல 'மங்காத்தா' வந்து தியேட்டர் ஆடினது தெரியும்லா. ஆனா நம்மாளுக்கு ஸ்டியரிங்க விட ஹீரோ முகம்தான் முக்கியம், ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா அவரு கண்ணாடியக் கழட்டணும், அந்த நேரத்துல கார் எந்த ரோட்டுல எந்தத் திசையில போவுதுன்னு எடிட்டருக்கே மறந்து போவுது, அப்புறம் பத்து சுமோ வானத்துல பறந்தா சேஸ் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

முகமும் வேணும் ரோடும் வேணும்னா வழி இருக்கு தம்பி. 1998ல 'ரோனின்'னு ஒரு படம், பாரிஸ்ல எடுத்த சேஸு. அங்க வண்டி ஓட்டுதவன் இடது பக்கம் உக்காருவான், இவங்க நம்ம ஊர் மாதிரி வலது பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டியக் கொண்டாந்து, இடது பக்கம் ஒரு பொய் ஸ்டியரிங்க மாட்டி நடிகரை உக்கார வச்சு, நெச டிரைவரை வலது பக்கம் உக்கார வச்சு ஓட்டியிருக்காங்க. நடிகர் முகத்துல தெரியுத பயம் பாதி நெசம். இதுக்கு கோடி வேண்டாம், மூளை போதும். எழுதி வச்சுக்கிடுங்க, என்னைக்காவது ஒதவும்.

ரயில்வே ஓய்வூதியர், தாழையூத்து: எங்க காலத்து 'புல்லிட்' முன்னால இதெல்லாம் தூசி. பாட்டைப் போட்டு கார் ஓட்டுறதெல்லாம் ஒரு சேஸா?

'புல்லிட்' கொள்ளைப் படம் இல்ல, போலீஸ் படம், இருந்தாலும் பேசிருவோம். 1968, சான் பிரான்சிஸ்கோ மேடு பள்ளத்துல கிட்டத்தட்ட 11 நிமிஷம், தொரத்தல் சூடு பிடிச்சதும் மியூசிக்க நிப்பாட்டிட்டு இஞ்சின் சத்தத்தையும் டயர் சத்தத்தையும் மட்டும் விட்டாங்க, அந்த எடிட்டிங்குக்கு ஆஸ்கரே கெடைச்சுது. அது தலைக்கு மேல வச்சுக் கும்புட வேண்டிய வேலைதான். ஆனா அண்ணாச்சி, அதுலயும் அந்தப் பச்சை கலர் ஃபோக்ஸ்வேகனை எத்தனை தடவை முந்துதாங்கன்னு எண்ணிப் பாத்தியளா? வில்லன் காருல இருந்து வீல் கப்பு உருண்டுக்கிட்டே இருக்கு, நாலு சக்கரத்துக்கு எத்தனை கப்புதான் இருக்கும்? தெரிஞ்சும் ரசிக்கோம்ல, அதே தயவை இந்தச் சின்னப் பயலுக்கும் காட்டுங்க.

பெயர் வேண்டாம், கல்லிடைக்குறிச்சி: புள்ளைகளோட உக்காந்து பாக்கலாமா?

பாக்காதிய. ரத்தம் இருக்கு, கெட்ட வார்த்தை கொட்டிக் கெடக்கு. பெரியவுக மட்டும்னா வீட்டுல பாக்கும்போது சத்தத்தைக் கொறச்சு வச்சிராதிய, பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு கூட்டியே வைங்க, இந்தப் படத்துல பாதி சத்தத்துலதான் இருக்கு.