பொதுக் கூடத்தில் தற்காலிகக் கிறிஸ்தவ ஜெப அறை அமைக்கிறோம். சபைக்கு வராதவர்களும் தயங்காமல் வர என்ன செய்யலாம்?

கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: ஒரு பொதுக் கூடத்தின் பக்க அறை சில வாரங்களுக்குக் கிடைத்திருக்கிறது, அதை எவரும் வந்து ஜெபிக்கக்கூடிய இடமாக்க வேண்டும், சிலுவையும் மெழுகுவத்தியும் வாங்கியாயிற்று, இனி என்ன செய்வது?

இப்படிப்பட்ட அறைகளை அமைத்திருக்கிறேன். அதைவிட அதிகமாக, அவற்றில் பொறுப்பாளராக மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாற்காலியில் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அலங்காரக் கவலையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். புதிதாக வருகிறவர் மனத்தில் ஓடுவது ஒரே பயம்: உள்ளே போனால் யாராவது பிடித்து உட்கார வைத்துப் பேசத் தொடங்கிவிடுவார்களோ. எவருக்கும் பதில் சொல்லாமல் வரலாம், பாதியில் எழுந்து போகலாம் என்பது வாசலிலேயே புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மற்ற எல்லா முடிவுகளையும் இதை வைத்தே எடுக்கலாம்.

கதவு மூடியிருந்தால் தட்டுவதா தள்ளுவதா என்று தெரியாமல் திரும்பிவிடுவார்கள். விரியத் திறந்திருந்தால், உள்ளே கண்மூடி உட்கார்ந்திருப்பவர் வழியில் போகிற எல்லோருக்கும் காட்சிப்பொருள். கதவைத் திறந்தே வைத்து, உள்ளே சில அடி தள்ளி ஒரு மடக்குத் தட்டியைச் சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். வெளிச்சம் வெளியே தெரியும், ஆள் தெரியாது. தட்டியைத் தாண்டிச் சக்கர நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். ஒன்றைக் கொண்டுவந்து உருட்டிப் பாருங்கள்.

1995இல் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம் வந்தபோது தகத்தோரியில் இருந்த கத்தோலிக்க ஆலயம் தீயில் அழிந்தது. அந்த இடத்தில் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான், தன்னார்வலர்களை வைத்து, 58 காகிதக் குழாய்களை நீள்வட்டமாக நிறுத்தி ஒரு தற்காலிக ஆலயம் எழுப்பினார். பீடத்துக்குப் பின்னால் குழாய்கள் நெருக்கமாக நிற்கும். முன்பக்கம் வரவர இடைவெளி அகலும். முகப்பைத் திறந்துவிட்டால் உள்ளும் வெளியும் ஒரே இடமாகிவிடும். வழிபாட்டுக்கு மட்டுமன்றி ஊர்க் கூட்டங்களுக்கும் அது பயன்பட்டது. தற்காலிகம் என்று கட்டியது பத்தாண்டு நின்று, 2005இல் பிரிக்கப்பட்டு, பிறகு தைவானில் மீண்டும் நிறுத்தப்பட்டது. உங்களிடம் இருப்பது ஒரு மடக்குத் தட்டிதான். ஆனாலும் அந்தத் திட்டத்தைப் பின்பற்றலாம்: ஜெபிக்கிறவர் முதுகுக்குப் பின்னால் அடைப்பு, வருகிறவர் கண்ணுக்கு முன்னால் திறப்பு.

வாசலில் ஒரு பலகை வேண்டும். அதில் வசனம் வேண்டாம், செய்தி வேண்டும். "இது கிறிஸ்தவ ஜெப அறை. யார் வேண்டுமானாலும் வரலாம். பேச வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம்." கீழே திறந்திருக்கும் நேரமும், நடத்துகிற சபையின் பெயரும். பெயரை ஒளிக்க வேண்டாம். 'அமைதி மையம்' என்று பொதுவாக எழுதிவிட்டு உள்ளே சிலுவையை வைத்தால் ஏமாற்றப்பட்டதாகத்தான் தோன்றும். அதே காரணத்துக்காக, பிற மதத்தவர் வருவார்களே என்று சிலுவையை எடுத்துவிடுவதையும் நான் ஏற்பதில்லை. வருகிறவருக்குத் தாம் எங்கே வந்திருக்கிறோம் என்பது தெரிந்திருக்கட்டும். சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தபோது, தூர தேசத்தில் இருந்து வந்து விண்ணப்பம் செய்கிற அந்நியனுக்கும் செவிகொடும் என்று ஜெபித்தான். அதற்காக ஆலயத்தின் அடையாளத்தை மறைக்கவில்லை.

அடுத்தது நாற்காலி. கூடத்தில் கிடக்கிற நாற்காலிகளைப் பார்த்தால் நம் கை தானாக வரிசை போடத் தொடங்கும். வரிசை போட்டால் கூட்டம் நடக்கப்போகிறது என்று பொருள். வருகிறவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து யாராவது மேடைக்கு வருவார்களா என்று காத்திருப்பார். நாற்காலிகளைச் சுவரோரமாகத் தனித்தனியே போடுங்கள். முதுகு சுவரில் சாய்ந்திருந்தால்தான் தெரியாத இடத்தில் கண்ணை மூட மனம் வரும். இரண்டை மட்டும் சிலுவையை நோக்கித் திருப்பி வையுங்கள். முழந்தாளிட விரும்புகிறவர்களுக்கு ஒரு தடித்த விரிப்பு போதும். முதியவர்கள் கையூன்றி எழுவதற்குக் கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்றாவது இருக்கட்டும். நான் கவனித்தவரை, முதல்முறை வருகிறவர் வாசலுக்கு மிக அருகில் இருக்கும் நாற்காலியில்தான் உட்காருவார்; பையை மடியில் இருந்து இறக்க மாட்டார், செருப்பைக் கழற்றியிருந்தால் அது கண்ணில் படும்படி வைத்திருப்பார். சில நிமிடங்கள் கழித்துப் பை தரைக்கு இறங்கும். அந்த நாற்காலியை ஒருபோதும் நம் ஆட்கள் பிடித்துக்கொள்ளக் கூடாது. வசதி படைத்தவருக்கு நல்ல இடமும் எளியவருக்குக் காலடியும் காட்டுகிறவர்களை யாக்கோபு தமது நிருபத்தில் எப்படிக் கடிந்துகொள்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். 'பெரியவர் வரும்போது உட்காரட்டும்' என்று ஒரு மெத்தை நாற்காலியை ஒதுக்கி வைக்கும் பழக்கம் இருந்தால், இந்த அறைக்குள் அது வேண்டாம்.

வெளிச்சம் பற்றி: கூடத்தின் வெள்ளைக் குழல்விளக்குகளை அணைத்துவிட்டு, மஞ்சள் ஒளி தரும் மேசை விளக்குகள் இரண்டை மூலைகளில் வைத்தால் அறையின் முகமே மாறிவிடும். ஆனால் வேதாகமம் வாசிக்கிற இடத்தில் எழுத்து தெரியும் அளவுக்கு ஒளி வேண்டும். பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்றைத் திறந்தே வையுங்கள். வாங்கிய மெழுகுவத்தியைக் கொளுத்துவதற்கு முன் கூடத்தின் உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். அனுமதித்தால், மணல் பரப்பிய உலோகத் தட்டில், திரைக்கும் காகிதத்துக்கும் எட்டாத இடத்தில், ஆள் இருக்கும்போது மட்டும். இல்லையென்றால் பேட்டரி விளக்கு போதும். ஜெபத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. சாம்பிராணி, வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் வருவார்கள். காற்றோட்டத்தைப் பாருங்கள். துரோவா பட்டணத்தில் பவுல் நள்ளிரவு வரை பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடி ஜன்னலில் இருந்து விழுந்த கதையில், அந்த மேல்வீட்டில் அநேக விளக்குகள் இருந்ததாக லூக்கா மறக்காமல் குறிப்பிடுகிறார். புழுக்கமும் விளக்குப் புகையும் நீண்ட பிரசங்கமும் சேர்ந்தால் யார்தான் தூங்க மாட்டார்கள்?

இசை போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. ஒருவருக்கு ஆறுதலான பாட்டு இன்னொருவருக்கு ஒரு சவ அடக்கத்தை நினைவூட்டும்.

ஜெபித்தே பழகாதவர் உட்கார்ந்ததும் என்ன செய்வார்? கையில் எடுக்க ஏதாவது வேண்டும். கர்த்தருடைய ஜெபத்தை அட்டையில் அச்சிட்டு வையுங்கள். கத்தோலிக்கர் சொல்லும் வடிவம் ஒரு பக்கம், சீர்திருத்தச் சபையார் சொல்லும் வடிவம் மறுபக்கம். சில சங்கீதங்களைத் தனித்தனி அட்டைகளில் தரலாம். 23ஐ எல்லோரும் வைப்பார்கள். 13ஐயும் 130ஐயும் சேருங்கள். 88ஐயும் துணிந்து வையுங்கள் என்பேன். வேதாகமத்திலேயே விடியாமல் இருளில் முடிகிற ஜெபம் அது. எல்லாம் சரியாகிவிடும் என்று கேட்டுக் கேட்டுச் சலித்து வந்தவருக்கு, இப்படியும் தேவனிடம் பேசலாம் என்பது பெரிய விடுதலை. தரையில் தவழ்கிற வயதுக் குழந்தையோடு வரும் தாய்க்காக ஒரு தாழ்ந்த மேசை, காகிதம், வண்ணக் குச்சிகள். இவற்றுக்கு மேல் கல், தண்ணீர்க் கிண்ணம், மணல், கயிறு என்று ஜெப நிலையங்களை அடுக்கிக்கொண்டு போனால் அறை கண்காட்சியாகிவிடும்.

பல சபையார் சேர்ந்து நடத்துகிறீர்கள் என்றால் சத்தம் ஒரு பிரச்சினையாகும். வாய்விட்டு, கைதட்டி ஜெபிக்கிறவர்களும் உண்டு. மௌனத்தைத் தேடி வருகிறவர்களும் உண்டு. இருவரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துவிட்டு அன்பாக இருங்கள் என்று சொல்லிப் பயனில்லை. மௌன நேரம், சேர்ந்து ஜெபிக்கும் நேரம் என்று பிரித்துப் பலகையில் எழுதிவிடுங்கள். அங்கே நற்கருணையை, அதாவது திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தை, வைக்கக் கத்தோலிக்கர் விரும்பினால் அது பங்குத்தந்தை வழியாக முறையாகக் கேட்க வேண்டிய காரியம். தன்னார்வலர் குழு முடிவு செய்வதல்ல.

இனி ஜெப விண்ணப்பச் சீட்டு. நல்ல எண்ணத்தோடு அதிகக் கெடுதல் நடப்பது இங்கேதான். பலர் சீட்டுகளைப் பலகையில் குத்தி வைக்கிறார்கள், பார்க்க உருக்கமாக இருக்கும் என்று. 'என் மருமகளுக்கு மூன்றாவது முறையாகக் கரு கலைந்துவிட்டது' என்று எழுதிய சீட்டின் கையெழுத்தை அடையாளம் கண்டுகொள்ள அந்த வட்டாரத்தில் ஓர் ஆள் போதாதா? பூட்டுள்ள பெட்டி ஒன்றை வையுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை என்று பெட்டியின் மேலேயே எழுதுங்கள். யார் படிப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதையும் எழுதுங்கள். படிப்பவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். கூட்டத்தில் உரக்க வாசிப்பதோ, வாட்ஸ்அப் குழுவில் 'பாரத்தோடு ஜெபியுங்கள்' என்று போடுவதோ கூடவே கூடாது. எழுதியவர் தேவனுக்கு எழுதினார், குழுவுக்கு அல்ல. எனக்குக் கிடைத்த ஒரு சீட்டில் 'அவனுக்காக' என்று மட்டும் இருந்தது, அடியில் பேனா அழுந்திக் காகிதம் கிழிந்திருந்தது. விவரம் இல்லாமல் எப்படி ஜெபிப்பது என்று குழுவில் ஒருவர் கேட்டார். அப்படியே ஜெபித்தோம்.

காணிக்கைப் பெட்டி வேண்டாம். வருகைப் பதிவேடும் வேண்டாம். தொலைபேசி எண் கேட்கிற எந்தக் காகிதமும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று சபைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தால் பொறுப்பாளர் தம் குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொள்ளட்டும்.

பொறுப்பாளர்கள் எப்போதும் இருவராக இருக்க வேண்டும். வருகிறவருக்கும் அது பாதுகாப்பு, இருப்பவருக்கும் பாதுகாப்பு. குழந்தையோடு எந்தப் பெரியவரும் தனியாக இருக்கும் நிலை வரக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். அதற்கு மேல் உட்கார்ந்தால் கொட்டாவிதான் வரும். வருகிறவரைப் பார்த்து ஒரு வணக்கம், பிறகு கண்ணைத் தம் புத்தகத்துக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். சபையில் நன்றாகப் பேசக்கூடியவரை இந்த வேலைக்குப் போடுவது வழக்கம். நான் பேசாதவர்களைத்தான் தேடுவேன். யாராவது அழுதால் ஓடிப்போய் தோளைத் தொட வேண்டாம். எல்லா நாற்காலிக்கும் எட்டும்படி கைக்குட்டைக் காகிதம் இருக்கட்டும். நெடுநேரம் அழுதால் அருகே போய், "கூட இருக்கட்டுமா, தனியாக விடட்டுமா?" என்று கேட்டால் போதும். தலையில் கைவைத்து ஜெபிப்பது அவர் கேட்டால் மட்டும்.

ஒன்றுக்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தையோ வீட்டில் நடக்கும் வன்முறையையோ ஒருவர் அங்கே சொல்லக்கூடும். ஜெபம் செய்து அனுப்பிவிடுவது பதிலாகாது. உங்கள் பகுதியில் செயல்படும் உதவி எண்களைத் திறப்பதற்கு முன்பே அழைத்துச் சரிபார்த்து, பொறுப்பாளர் மேசையில் ஒட்டி வையுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் எல்லாப் பொறுப்பாளருக்கும் சொல்லி வையுங்கள்.

நேரம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, சொன்ன நேரத்தில் திறந்திருக்க வேண்டும். 'நாள் முழுவதும்' என்று எழுதிவிட்டு மதியம் பூட்டியிருந்தால், அன்று துணிந்து வந்தவர் மறுபடி வரமாட்டார். வேலைக்குப் போகிறவர்கள் வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் எட்டிப் பார்க்க முடிகிற நேரமாகப் பாருங்கள்.

இடம் நம்முடையதல்லவே என்ற தாழ்வு மனம் சிலருக்கு இருக்கும். எபேசுவில் பவுல் இரண்டு ஆண்டுகள் பேசியது திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில். சிரியாவின் துரா யூரோப்பசில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்தவக் கூடம், இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு மாற்றியமைத்த சாதாரண வீடு. நீங்கள் சுவரை எடுக்க முடியாது, ஆணிகூட அடிக்க முடியாது. அதனால் தாமாக நிற்கிற சிலுவை, தாமாக நிற்கிற தட்டி, எல்லாம் அடங்கும் இரண்டு பெட்டிகள் என்று திட்டமிடுங்கள். அமைத்து முடித்ததும் ஒரு படம் எடுத்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டால், மறுநாள் வேறு யார் வந்தாலும் அதே அறையை நிறுத்திவிடுவார்கள்.

முடியும் தேதியை முதல் நாளே பலகையில் எழுதுங்கள். கடைசி வாரத்தில், தொடர்ந்து வர விரும்புகிறவர்கள் எங்கே வரலாம் என்ற விவரத்தைச் சிறு சீட்டாக அச்சிட்டு வாசல் மேசையில் வையுங்கள். கையில் திணிக்க வேண்டாம், எடுக்கிறவர் எடுக்கட்டும். விண்ணப்பப் பெட்டியில் மிஞ்சிய சீட்டுகளைக் கூடத்தின் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாமல், பொறுப்பான ஒருவர் எடுத்துப்போய்க் கிழித்து எரித்துவிட வேண்டும். அதை யார் செய்வார் என்பதை இப்போதே பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள். கடைசி நாள் நாற்காலி தூக்குகிற அவசரத்தில் அது ஒருவருக்கும் நினைவுக்கு வராது.