20,000 ஜீன்தான் இருக்கிறது, கோடிக்கணக்கான ஆன்டிபாடி எப்படி வருகிறது?

ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடிக்கும் புரதம். அதற்கான ஜீனை, பி செல் (அதைத் தயாரிக்கும் வெள்ளணு) வி, டி, ஜே என்ற மூன்று வகை டிஎன்ஏ துண்டுகளில் ஒவ்வொன்றை எடுத்து ஒட்டி உருவாக்குகிறது. அந்தத் துண்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்கிப் பார்த்து, விடை போதவில்லையே என்றுதான் கேட்டிருப்பீர்கள். சந்தேகம் நியாயமானது.

ஆன்டிபாடி கன சங்கிலி, லேசான சங்கிலி என்ற இரு வகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. கன சங்கிலிக்கு 14ஆவது குரோமோசோமில் சுமார் 40 வி, 23 டி, 6 ஜே: 5,520 வகை. லேசான சங்கிலியில் டி கிடையாது, வி × ஜே மட்டும்தான்; அதன் இரு வகைகளில் கப்பா 40 × 5, லாம்டா 30 × 4, ஆக 320. ஜோடி சேர்த்தால் 17 லட்சத்து 66 ஆயிரம் சொச்சம். (ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும். "எங்கள் புத்தகத்தில் வேறு எண்" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: வேலை செய்யும் ஜீன்களை மட்டுமே, அதுவும் தோராயமாக எண்ணியிருக்கிறேன்.)

கோடியைத் தொடவே இல்லை. மீதி வருவது ஒட்டும் இடத்தில். நுழைவுத் தேர்வுக் கேள்விகள் பெருக்கலோடு நின்றுவிடுவதால் பிள்ளைகள் முக்கியமானதைப் படிக்காமலே போகிறார்கள். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் டிஎன்ஏ எழுத்துகளாலான ஓர் அடையாளம்: 7 எழுத்து, இடைவெளி, 9 எழுத்து. இடைவெளி 12 அல்லது 23 எழுத்து. துண்டுகளை வெட்டும் ராக்1, ராக்2 புரதங்கள் 12ஐ 23ஓடு மட்டுமே சேர்க்கும். கன சங்கிலியில் வி, ஜே இரண்டுக்கும் 23. டிக்கு இருபுறமும் 12. அதனால் டியைத் தாண்டி வி நேராக ஜேயில் ஒட்ட முடியாது. முதலில் டி–ஜே, பிறகுதான் வி.

வெட்டிய முனை கொண்டை ஊசியாக மூடிக்கொள்ளும். ஆர்ட்டெமிஸ் என்சைம் அதை நடுவில் திறக்காமல் சற்றுத் தள்ளித் திறந்தால் சில எழுத்துகள் கூடும். முனையில் சில எழுத்துகள் அரிக்கப்படும். டிடிடி என்சைம் எந்த மூலப்படியும் பார்க்காமல் புது எழுத்துகளைச் சொருகும். கடைசியில் லைகேஸ் 4 என்ற என்சைம் ஒட்டும். இந்த ஒட்டுப் பகுதிதான் சிடிஆர்3 (ஒவ்வொரு சங்கிலியிலும் பிடிப்பதற்கு உள்ள மூன்று வளையங்களில் மூன்றாவது). ஆன்டிஜெனை, அதாவது கிருமியில் ஆன்டிபாடி ஒட்டும் பொருளை, பிடிக்கும் குழியின் நடுவில் இருப்பது அதுதான். சிடிஆர்1, சிடிஆர்2 வியிலிருந்தே வந்துவிடும்.

இதற்கு விலையும் உண்டு. எழுத்துகள் மூன்று மூன்றாகப் படிக்கப்படுவதால், மூன்றில் இரண்டு ஒட்டுகள் சட்டகம் (மூன்று மூன்றாகப் பிரிக்கும் வரிசை) தவறி வீணாகும். செல் ஜோடியிலுள்ள மற்ற குரோமோசோமில் முயலும். அதுவும் தவறினால் சாகும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: இவ்வளவும் எலும்பு மஜ்ஜையில், கிருமி வருவதற்கு முன்பே நடப்பது. அப்போது கிடைக்கும் பிடிப்பு பெரும்பாலும் சுமார்தான். கிருமி வந்த பிறகு, நிணநீர் முடிச்சில் ஏஐடி என்சைம் வி பகுதியில் எழுத்துகளை மாற்ற, இறுக்கமாகப் பிடிக்கும் செல்கள் தேர்வாகிப் பெருகுகின்றன.