ஆமை ஃபாசில் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அக்கா, ஆமைக்கு ஓடு முதல்ல முதுகுல வந்துச்சா வயித்துல வந்துச்சா?

வயித்துல தான்னு பெரும்பாலானவங்க சொல்றாங்க. ரொம்ப காலமா, இருக்குறதுலயே பழைய ஆமைன்னா ஜெர்மனியோட ப்ரோகானோகெலிஸ் தான், 1887ல பேர் வெச்சது, ஆனா அதுல ஓடு ரெண்டு பக்கமும் முழுசா ரெடியா இருக்கு, அப்ப ஓடு எப்படி உருவாச்சுன்னு அத வெச்சு எப்படி சொல்றது? 2008ல சீனாவோட குய்சோ மாகாணத்துல இருந்து ஓடோன்டோகெலிஸ் வந்துச்சு பாருங்க, அது தான் பெரிய திருப்பம், சுமார் 22 கோடி வருஷம் பழசு, அடி ஓடு முழுசா இருக்கு, முதுகுல ஓடு இல்லாம அகலமான விலா எலும்பு தான் இருக்கு, வாயில பல்லும் இருக்கு! இன்னிக்கு எந்த ஆமைக்கும் பல்லு கிடையாதுல்ல. முன்னாடி இருந்த முதுகு ஓடு காலப்போக்குல குறைஞ்சு போயிருக்கலாம்னு சிலர் வாதாடுறாங்க, எனக்கு அது சரியா படல.

கேள்வி: யூனோடோசாரஸ ஆமைல சேக்கலாமா?

ஆமைன்னு சொல்ல முடியாது, ஆமை வம்சத்தோட ஆரம்பம்னு சொல்லலாம். தென் ஆப்பிரிக்காவுல காரூ பாறைல கிடைச்சது, 1892ல சீலிங்கற ஆராய்ச்சியாளர் பேர் வெச்சார், சுமார் 26 கோடி வருஷம். ஓடே இல்ல, விலா எலும்பு மட்டும் பட்டையா இருக்கும். இது பாதுகாப்புக்கு இல்ல, மண்ணு தோண்டும்போது உடம்பு ஸ்டெடியா நிக்கத்தான்னு 2016ல ஒரு பேப்பர் வந்துச்சு, அருமையான வேலை, கட்டாயம் படிங்க.

கேள்வி: மேடம், ஆமை பல்லிக்கு சொந்தமா முதலைக்கா?

டிஎன்ஏ முதலை, பறவை பக்கம் தான் காட்டுது. பல்லி, முதலைக்கு இருக்குற மாதிரி மண்டை எலும்புல கண்ணுக்குப் பின்னாடி ஓட்டை (துளை) இல்லேன்னு ஆமைய பழைய புக்ல தனியா ஒதுக்கி வெச்சிருந்தாங்க, ஆனா ஜெர்மனியில கிடைச்சு 2015ல பேர் வெச்ச, ஆமை வம்சத்து 24 கோடி வருஷ பாப்போகெலிஸ்ல ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ஓட்டை இருந்துச்சு, அதாவது ஓட்டை காலப்போக்குல மூடிக்கிச்சு.

கேள்வி: கொம்பு வெச்ச ஆமை நிஜமா?

நிஜம், மெயோலேனியா. ஆஸ்திரேலியா பக்கம் லார்ட் ஹோவ் தீவுல கிடைச்சது. 1886ல ரிச்சர்ட் ஓவன் பல்லின்னு நெனச்சு பேர் வெச்சார், அடுத்த வருஷமே ஹக்ஸ்லி ஆமைன்னு சொல்லிட்டார்.

கேள்வி: நம்ம ஊர்ல ஏதாவது கிடைச்சிருக்கா அக்கா?

இதுக்குத்தான் காத்திருந்தேன்! அரியலூர் பக்கம் கல்லமேடுல கிடைச்சது, 2001ல கூர்மாடெமிஸ் கல்லமெடென்சிஸ்னு ஊர் பேரையே வெச்சாங்க. டைனோசர் காலத்தோட கடைசி, ஏறக்குறைய 7 கோடி வருஷம். கழுத்த உள்ள இழுக்காம சைடுல மடக்குற கூட்டம், அந்தக் கூட்டத்துல ஒண்ணு கூட இன்னிக்கு இந்தியாவுல உயிரோட இல்ல. மண்டை ஓடு கிடைச்சதால தான் குடும்பம் வரைக்கும் சொல்ல முடிஞ்சுது, அதுக்கு நெருங்கின சொந்தம் 2009ல மடகாஸ்கர்ல வந்துச்சு, ரெண்டு நிலமும் ஒரு காலத்துல ஒட்டி இருந்தது தானே.

கேள்வி: அங்க போனா ஓடு துண்டு பாத்தா எடுக்கலாமா?

எடுக்காதீங்க தம்பி. போட்டோ எடுத்து இடத்த குறிச்சுட்டு ஜியாலஜி டிபார்ட்மென்ட்ல சொல்லுங்க, எந்த அடுக்குல கிடந்துச்சுன்னு தெரியலேன்னா அதோட வயசு யாராலயும் சொல்ல முடியாது.