மாஸ்டர் மீட்டர் -1 காட்டுகிறது, பாட்டு ஏன் மெலிதாகக் கேட்கிறது?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: வீட்டிலேயே ஒரு முருகன் பாட்டு ரெக்கார்ட் செய்து மிக்ஸ் பண்ணியிருக்கிறார். மாஸ்டர் மீட்டர், அதாவது மொத்தப் பாட்டின் அளவைக் காட்டும் மீட்டர், -1 டெசிபல் வரை போகிறது, ஆனால் யூடியூபில் போட்டால் மற்ற பாட்டுகளைவிடச் சத்தம் குறைவு. இன்னும் ஏற்றினால் 0 என்ற எல்லையைத் தாண்டிச் சிவப்பு எரிகிறது. ‘மாஸ்டரிங்’, அதாவது மிக்ஸ் முடிந்த பாட்டுக்குக் கடைசி மெருகு, பண்ணித் தருவதாக ஒருவர் 8,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அந்த மீட்டர் காட்டுவது பீக், அதாவது ஒலி ஒரு கணம் தொட்டுவிட்டுப் போன உச்சம். காது சத்தத்தை அப்படி எடைபோடுவதில்லை. மிருதங்கத்தில் ஒரு ‘தோம்’ விழுந்தால் மீட்டர் சட்டென்று -1க்கு எகிறி இறங்கிவிடும், ஹார்மோனியமோ -10ஐத் தாண்டாமலே காதை நிறைக்கும். உங்கள் -1 என்பது மிருதங்கத்தின் நாலைந்து அடிதான். அதை மட்டும் கம்ப்ரஸரில் (உரத்த இடங்களை அடக்கும் கருவி) மூன்று டெசிபல் அடக்கினால் மொத்தப் பாட்டையும் அவ்வளவு ஏற்ற இடம் கிடைக்கும்.

காது உணரும் சத்தத்தைக் காட்டுவது லஃப்ஸ் மீட்டர். அதற்கான அளவுமுறையை ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006லேயே கொடுத்துவிட்டது, இன்றும் பல சாஃப்ட்வேரைத் திறந்தால் கண்ணில் படுவது பீக் மட்டும்தான், லஃப்ஸை நாமே தேடிப் போட வேண்டும். என்ன நியாயம் இது? யூலீன் என்ற லஃப்ஸ் மீட்டர் பிளக்-இன்னின் (சாஃப்ட்வேருக்குள் சேர்க்கும் சிறு கருவி) இலவசப் பதிப்பே போதும், மாஸ்டரில் போட்டுப் பாட்டை முழுவதும் ஓடவிடுங்கள்.

யூடியூப் சுமார் -14 லஃப்ஸைத் தாண்டிய பாட்டைக் குறைத்துவிடும். இங்கேதான் இப்படிக் காசு கேட்கும் மாஸ்டரிங் ஆட்கள் ஏமாற்றுகிறார்கள். லிமிட்டரை (ஒலியை ஓர் எல்லைக்கு மேல் விடாத கருவி) ஒரே தள்ளாகத் தள்ளி -7 ஆக்கி, தங்கள் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுவார்கள், சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதுபோல் தோன்றும். யூடியூப் அதை 7 டெசிபல் இறக்கியபின் மிஞ்சுவது நசுங்கிய மிருதங்கம். அப்படிச் செங்கல் மாதிரி ஆன ஃபைல்கள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன, ஒன்றையும் மீட்க முடியவில்லை. உங்கள் மிக்ஸையும் அவர்கள் மாஸ்டரையும் ஒரே சத்தத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, சிவப்பு. எங்கே எரிகிறது என்று பாருங்கள். ரெக்கார்ட் பண்ணும்போது எரிந்தால் அந்த டேக் போச்சு, மறுபடி பாடுங்கள். மிக்ஸில் ஒரு தனி டிராக்கில் எரிந்தால் பயமில்லை, சாஃப்ட்வேர் உள்ளே 32 பிட் ஃப்ளோட் என்ற எண் முறையில் கணக்குப் போடுவதால் 0க்கு மேலே போன ஒலியும் வெட்டுப்படாமல் இருக்கும், பின்னால் குறைத்தால் அப்படியே திரும்பி வரும். ஆனால் நடுவில் பழைய அனலாக் கருவிகளைப் போலச் செய்த பிளக்-இன் இருந்தால் அங்கேயே கரகரக்கும், அதற்குள் போகும் அளவைக் குறையுங்கள். மாஸ்டரில் எரிவதை மட்டும் விடக்கூடாது, 24 பிட்டில் எக்ஸ்போர்ட் பண்ணும்போது 0க்கு மேல் உள்ளது வெட்டுப்படும். கடைசி லிமிட்டரின் சீலிங்கை, அதாவது மேல் எல்லையை, -1இல் வையுங்கள், லஃப்ஸ் -14 பக்கம் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.