அப்பாவின் கை எனக்கும் வந்துவிடுமா?

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். குடித்துவிட்டு அடிக்கும் அப்பாவிடம் வளர்ந்த பால்யம், முடி கொட்டுகிறது, மறதி, நெஞ்சு படபடப்பு, பால்யக் கொடுமைகளைப் பற்றி இணையத்தில் போட்டுப் பார்த்த கேள்வித்தாளில் பத்துக்கு ஏழு வந்தது, பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குச் சற்று மேலே, ஒரு வரி இருக்கிறது: "நான் இல்லாமல் போனால் என் பையனாவது நிம்மதியாக வளருவான்." அந்த வரியிலிருந்துதான் நான் தொடங்கப் போகிறேன். மற்றவை காத்திருக்கலாம்.

உங்களிடம் நேராகவே கேட்கிறேன் அம்மா. இந்த எண்ணம் எப்போதாவது வந்து போகிறதா, அடிக்கடி வருகிறதா? எப்படி என்றுகூட மனம் யோசித்துப் பார்த்ததா? தூக்க மாத்திரையைச் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் இன்றைக்கே செயல்பட வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸை, 14416ல் அழையுங்கள். காசு இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உடனே ஏதாவது செய்துகொண்டுவிடுவேனோ என்ற நிலை என்றால் போன் பேசிக்கொண்டிருக்காமல், கணவரோடு பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எப்படியிருந்தாலும் இன்று இரவே கணவரிடம் அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். இதைப் பற்றிப் பேசினால் எண்ணம் வலுத்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை, பேசப் பேச அது பிடியை விடும்.

மனச்சோர்வு முற்றும்போது என் எதிரே உட்கார்ந்தவர்களில் பலர் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள்: நான் பாரம், நான் போய்விட்டால் மற்றவர்களுக்கு நல்லது. சிகிச்சை தொடங்கிச் சில மாதங்கள் கழித்து அதே வார்த்தையை நினைவுபடுத்தினால், "நானா அப்படிச் சொன்னேன்?" என்று கேட்பார்கள். காய்ச்சலில் உடம்பு கொதிப்பது போல, மனச்சோர்வில் இந்த எண்ணம் வருகிறது. காய்ச்சல் இறங்கினால் அதுவும் இறங்கும்.

சரி, பத்துக்கு ஏழு. அந்தக் கேள்வித்தாள் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் உங்கள் பயம் பாதி குறையும். அமெரிக்காவில் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமனுக்குச் சிகிச்சை மையம் நடத்தினார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று உட்கார்ந்து விசாரித்தபோது, பலருடைய பால்யத்தில் பாலியல் கொடுமை இருந்தது தெரிந்தது. பிறகு அவரும் ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவரும் சேர்ந்து செய்த ஆய்வில் 17,000 பேருக்கு மேல் பங்கேற்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் உங்கள் கேள்வித்தாள். 1998ல் வெளிவந்த முதல் முடிவுகளின்படி, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளை அனுபவித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவற்றின் ஆபத்து, எதையும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு. உங்கள் கடைசி வரியை நான் இவ்வளவு கறாராகப் பிடித்துக்கொள்வதற்கு இதுவும் காரணம்.

ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனியொருவருக்கு ஜாதகம் எழுத அந்த எண் உதவாது. இதை எச்சரித்து 2020ல் கட்டுரை எழுதியவர்களில் அந்த ஆண்டாவே ஒருவர். அடி ஒரு முறையா, பத்து வருடமா, எந்த வயதில், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எதையும் அந்தத் தாள் கேட்பதில்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அப்பா குடித்துவிட்டு வரும் நாட்களில் அம்மாவைப் பெற்ற அம்மாயி வீட்டுக்கு ஓடிப்போய் அவர் மடியில் படுத்துக்கொள்வேன் என்று. அதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. ராத்திரி ஒரு மணிக்கு செல்போனை வைத்துக்கொண்டு இந்த மாதிரித் தேர்வுகளை எழுதுவதை நிறுத்துங்கள். அந்த எண் உங்களுக்கு ஒரு மருந்தும் தராது.

அம்மாயி விஷயம் சாதாரணமில்லை. ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடிகாரத் தகப்பன், சண்டை என்று மோசமான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நன்றாகவே வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பாட்டியோ, மாமாவோ, ஆசிரியரோ, விடாமல் பிடித்துக்கொண்ட ஒருவர் இருந்தார். பதின்வயதில் தடுமாறிய மற்றவர்களிலும் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் தேறிவிட்டார்கள். உங்களுக்கு இப்போது 34.

படபடப்புக்கு வருகிறேன். கணவர் பீரோ கதவைச் சற்று வேகமாகச் சாத்தினாலே கை நடுங்குகிறது என்கிறீர்கள். கணவர் பரம சாது என்றும் நீங்களே சொல்கிறீர்கள். சின்ன வயதில் உங்கள் வேலை என்னவாக இருந்தது? வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் புத்தகத்தை மூடுவது. அப்பா செருப்பைக் கழற்றிவிடும் சத்தத்திலேயே அன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பது. வளர்ந்துகொண்டிருந்த மூளை அந்த வேலையை அபாரமாகக் கற்றுக்கொண்டது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி சின்னச் சத்தத்துக்கும் மணியடிக்கிறது, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் ஓடுகிறது. அப்பா இறந்து ஆறு வருடமாகிவிட்டது என்ற செய்தி அந்தப் பகுதிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஈசிஜியும் தைராய்டு பரிசோதனையும் சரியாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நான்காவது முறை எக்கோ எடுக்க வேண்டாம், காசுதான் வீண்.

முடி கொட்டுவதற்கு ஹீமோகுளோபின் பாருங்கள், போதும். மறதி, நான்கு மணி நேரத் தூக்கத்தாலும் நீங்கள் போடும் மாத்திரையாலும் வருவது. பைத்தியம் பிடிக்கும் என்ற பயத்தை இங்கேயே விடுங்கள். பால்யத்தில் அடிபட்டவர்களுக்கு மனச்சிதைவு நோயின் ஆபத்து சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதே இல்லை. உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை.

இனி நீங்கள் எழுதக் கூசிய விஷயம். பையன் பால் டம்ளரைத் தட்டிவிட்டான், நீங்கள் அறைந்துவிட்டீர்கள், கன்னத்தில் பதிந்த விரல் தடத்தைப் பார்த்ததும் "இது அப்பாவின் கை" என்று தோன்றி, குளியலறையில் போய் அழுதீர்கள். முடி, மறதி எல்லாம் இதைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான் என்று நினைக்கிறேன். அடிபட்டு வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளையும் கொடுமைப்படுத்துவார்களா என்று கிடைத்த ஆய்வுகளை எல்லாம் 1987ல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அலசினார்கள். அவர்கள் மதிப்பீடு நூற்றுக்கு முப்பது பேர். எழுபது பேர் அப்படி ஆவதில்லை. அடுத்த வருடமே வந்த இன்னொரு ஆய்வு, இந்தச் சங்கிலியை அறுத்த தாய்மாரிடம் மூன்று விஷயங்களைக் கண்டது: சிறு வயதில் ஆதரவாக இருந்த ஒரு பெரியவர், வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் எடுத்துக்கொண்ட மனச் சிகிச்சை, அன்பான துணை. அம்மாயி இருந்தார், கணவர் இருக்கிறார். நடுவில் உள்ளது மட்டும் பாக்கி.

பையனிடம் மன்னிப்புக் கேளுங்கள். "அம்மா அடித்தது தப்பு, பால் கொட்டியது உன் தப்பில்லை" என்று அவன் உயரத்துக்கு மண்டியிட்டுச் சொல்லுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியும். உங்கள் அப்பா ஒருமுறைகூட இதைச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் நீங்கள் தூக்கத்துக்குப் போடும் அந்த அல்பிராசோலம் மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கொடுத்தார்கள், எட்டு மாதமாகப் போடுகிறேன், கால் மில்லிகிராமில் தொடங்கி இப்போது ஒரு மில்லிகிராம் என்கிறீர்கள். சீட்டில்லாமல் விற்பது சட்டப்படி தவறு, கொடுத்தவர்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. முதல் வாரம் தூக்கம் தரும், பிறகு அதே தூக்கத்துக்கு இரண்டு மடங்கு கேட்கும். இடையில் விட்டால் படபடப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். அதை நீங்கள் வியாதி முற்றுகிறது என்று எண்ணுகிறீர்கள். ஆனாலும், இதைப் படித்துவிட்டு இன்றோடு நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். தினமும் போடுவதை மட்டும் கணவர் எடுத்துக் கொடுக்கட்டும், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மருத்துவர் குறைப்பார்.

உங்களுக்கு வேண்டிய சிகிச்சை வேறு. பழைய காயங்களுக்கென்றே உருவான பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, வாரம் ஒருமுறை என்று சில மாதங்கள் நடக்கும். அந்த நினைவைப் பாதுகாப்பான இடத்தில் மெல்ல எடுத்துப் பார்த்து, அதன் சூட்டைத் தணிப்பது அதன் வேலை. கூடவே மனச்சோர்வு மருந்து தேவைப்படலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அல்பிராசோலம் போல அடிமைப்படுத்தாது. முதல் இரண்டு வாரத்தில் மனம் இன்னும் அலைபாய்ந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள், பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. கணவரையும் கூட்டிக்கொண்டு, மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். ஓபியில் கூட்டம் இருக்கும், மருத்துவருக்கு நேரம் குறைவாகத்தான் இருக்கும். அதனால் முடி கொட்டுவதில் ஆரம்பிக்காதீர்கள். உட்கார்ந்ததும் முதலில் அந்தக் கடைசி வரியைச் சொல்லுங்கள்.