லேவருக்கு மூடியிருந்த கதவு

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக ஒரே வாக்குவாதம். டென்னிஸில் ஜோகோவிச் வென்ற கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் 24, ராட் லேவர் வென்றது 11. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்கிறேன் நான். லேவர்தான் பெரியவர் என்று அப்பா விடாப்பிடியாக நிற்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., பெருந்துறை

அன்புள்ள எஸ்.,

நான் உங்கள் அப்பா பக்கம்.

1962ல் லேவர் ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்கப் போட்டிகள் என நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். அது முடிந்ததும் காசுக்கு ஆடும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் காசு வாங்காமல் ஆடும் அமெச்சூர்கள் மட்டும்தான் ஆடலாம். ஆக, 24 வயதிலிருந்து 29 வயது வரை, ஒரு ஆட்டக்காரனின் நல்ல பருவம் முழுக்க, கிராண்ட்ஸ்லாம் போட்டி எதிலும் அவரால் ஆட முடியவில்லை. ஐந்து வருடம், 20 போட்டிகள். 1968ல் விதி மாறியது. அந்த ஆண்டே விம்பிள்டனை வென்றார். 1969ல் மறுபடியும் நான்கு பட்டங்கள். ஜோகோவிச் 2021ல் அதைத் தொடும் தூரம் வந்து, அமெரிக்க ஓபன் இறுதியில் மெத்வதேவிடம் தோற்றார்.

எண்ணிக்கைதான் அளவு என்றால் லேவர் காலத்து ஆட்டக்காரர் ராய் எமர்சனைப் பாருங்கள். அவருக்கு 12 பட்டங்கள், லேவரைவிட ஒன்று கூடுதல். அதில் 10, லேவர் வெளியே நின்ற அந்த ஐந்து வருடங்களில் வந்தவை. எமர்சன் லேசான ஆள் இல்லை. ஆனாலும் 1961 விம்பிள்டன் காலிறுதியில் நம் ராமநாதன் கிருஷ்ணன் அவரை மூன்றே செட்டில் வீழ்த்தினார். அரையிறுதியில் கிருஷ்ணனை நிறுத்தியவர் இதே லேவர்.

சரி, உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1962ல் அன்றைய முன்னணி ஆட்டக்காரர்களான ரோஸ்வாலும் ஹோடும் ஏற்கெனவே தொழில்முறைக்குப் போயிருந்தார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் லேவர் அந்த இருவரிடமும் வரிசையாகத் தோற்றார். அதனால் எனக்கு 1962ஐவிட 1969தான் பெரிது. அப்புறம், அன்று நான்கில் மூன்று போட்டிகள் புல்தரையில் நடந்தன. ஜோகோவிச் புல், செம்மண், கடினத் தரை என எல்லாவற்றிலும் ஆடி, நான்கு போட்டிகளில் ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று முறை வென்றவர். அவர்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை உண்டு.

எங்கள் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, எருது பூட்டிக் கவலை இறைத்துப் பாய்ச்சிய தோட்டத்துக்கு நான் மோட்டார் சுவிட்சைத் தட்டித் தண்ணீர் விடுகிறேன். அவரைவிட அதிக ஏக்கர் பாய்ச்சுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவரைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு வைத்துத்தான் பார்ப்பேன். அதே மாதிரிக் கிணறு, அதே மாதிரி எருதுகள், அவர்கள் ஓய்ந்த பிறகும் இவர் தண்ணீர்ச் சால் கிணற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். லேவரையும் ஜோகோவிச்சையும் அவரவர் காலத்து ஆட்களோடு நிறுத்திப் பாருங்கள். எனக்கு லேவர் ஒரு அடி முன்னால் தெரிகிறார்.

கிருஷ்ணன் எமர்சனை வென்ற செய்தி அன்று அப்பாவுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டு எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.